கொலம்பியாவின் கோக்காவும் அமெரிக்க உதவியின் அளவுகோலும்

போதைப்பொருள் ஒழிப்பில் எந்தெந்த நாடு ஒத்துழைக்கிறது என்று அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும் என்பது 1986-இல் வந்த சட்டம். சான்று கிடைக்காத நாட்டுக்கு உதவி நின்றுபோகலாம். 1996, 1997 ஆகிய இரு ஆண்டுகளிலும் கொலம்பியாவுக்குச் சான்று மறுக்கப்பட்டது. கொக்கெய்னின் மூலப்பயிரான கோக்காவின் அழித்த தோட்டங்களை ஹெக்டேர் கணக்கில் எண்ணிக் காட்டுவதே ஒழிப்புக் கொள்கையாக உருவெடுத்ததற்கு இந்த நெருக்கடியே முதற்காரணம் என்பது என் துணிபு.

போதைப்பொருள் ஒழிப்புக்காக 2000-இல் தொடங்கிய ‘கொலம்பியத் திட்டத்துக்கு’ (Plan Colombia), அண்டை நாடுகளின் பங்கையும் சேர்த்து, அமெரிக்கா முதலில் ஒதுக்கியது சுமார் 130 கோடி டாலர். அதில் பெரும்பகுதி படைக்கும் காவல்துறைக்கும் போனது. விமானங்கள் கோக்காத் தோட்டங்கள் மீது கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தன.

தெளிப்பு கடுமையாக நடந்த புத்துமாயோ பகுதியின் குடியானவர் நிலையைப் பார்க்க வேண்டும். கோக்கா ஆண்டுக்கு நான்கைந்து முறை இலை தரும். கூலியாட்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளை கிளையாக உருவுவார்கள். இலையைப் பசையாக்கிவிட்டால் ஒரு பையில் அடங்கிவிடும். வியாபாரி வாசலுக்கே வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிப்போவார். மரவள்ளியோ வாழையோ போட்டவர் சேற்றுப் பாதையையும் ஆற்றையும் கடந்து சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் கிடைக்கும் விலை ஏற்றுகூலிக்கே சரியாகிவிடும். வானிலிருந்து விழும் மருந்துக்கோ கோக்கா, வாழை என்ற பேதமில்லை. எல்லை தாண்டித் தன் உழவர்களின் பயிரும் கருகியதாக ஈக்வடார் 2008-இல் பன்னாட்டு நீதிமன்றம் சென்றது. 2013-இல் 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு கொலம்பியா அவ்வழக்கை முடித்துக்கொண்டது.

ஐ.நா. அளவீட்டின்படி 2000-இல் 1,63,000 ஹெக்டேராக இருந்த கோக்காப் பரப்பு 2013-இல் 48,000 ஆனது. தெளிப்பை ஆதரிப்போர் காட்டும் சான்று இதுவே. 2015-இல் தெளிப்பை நிறுத்தியதால்தான் பரப்பு மீண்டும் பெருகியது என்பார்கள். திட்டக் காலத்தில் ஆட்கடத்தல் வெகுவாகக் குறைந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் கோக்கா புத்துமாயோவை விட்டு நரீன்யோ பகுதிக்கு நகர்ந்ததையும், 2013-இல் பெரு நாட்டின் பரப்பு கொலம்பியாவை மிஞ்சியதையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரசும் ஃபார்க் கிளர்ச்சி அமைப்பும் 2016-இல் செய்த அமைதி உடன்பாட்டுக்குப் பின் சுமார் 1 லட்சம் குடும்பங்கள் தாமாகக் கோக்காவைப் பிடுங்க முன்வந்தன. பெரும்பாலோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு வாக்களித்த மாற்றுத் தொழில்தான் காலத்தில் வந்து சேரவில்லை. ஃபார்க் அமைப்பு 2021 நவம்பர் வரை அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருந்ததால், அந்தச் சட்டத் தடையைக் காட்டி அமெரிக்க உதவி இத்திட்டத்திலிருந்து விலகியே நின்றது. செடியைக் கொல்லத் தாராளமாக வந்த பணம், செடியைத் தானே பிடுங்கிப் போட்டவரின் கைக்கு வரவில்லை. இதைவிடப் பெரிய பிழை இந்த வரலாற்றில் இல்லை.

இதற்கு மாறாக, தாய்லாந்தில் 1969-இல் தொடங்கிய அரச திட்டம், அயல்நாட்டு உதவியுடன், மலைவாழ் மக்களுக்குச் சாலையும் காப்பியும் பழப்பயிரும் கொண்டுசேர்த்தது. அபினிச் செடியைக் கட்டாயமாக அழிப்பது 1980-களின் நடுவில்தான் தீவிரமானது. பிழைப்புக்கு வழி முதலில், அழிப்பு பிறகு என்ற இந்த வரிசையே அங்கு பலன் தந்தது. கொலம்பியாவுக்கான உதவியையும் போட்ட சாலை, வழங்கிய நிலப்பட்டா, விற்ற விளைபொருள் ஆகியவற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

2023-இல் கொலம்பியாவின் கோக்காப் பரப்பு 2,53,000 ஹெக்டேரை எட்டியது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா அந்நாட்டுக்கு மீண்டும் சான்று மறுத்தது. காட்டிய காரணம், பெருகிய பரப்பும் எட்டப்படாத அழிப்பு இலக்கும்.