அங்காடியின் மணமும் மலிவு விலையும்

மதீனாவின் கடைத்தெருவில் இருந்த தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுவதைக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

பிற்கால இஸ்லாமிய நகரங்களில் 'முஹ்தஸிப்' எனும் அங்காடிக் கண்காணிப்பாளர் இந்நெறியைக் காத்துவந்தார். எடைக்கற்களையும் அளவைகளையும் சோதிப்பது அவர் பணி. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ எழுதிய கையேடு, கஸ்தூரி முதலிய நறுமணப் பொருள்களில் நடக்கும் கலப்படத்தைப் பற்றியும் எச்சரிக்கிறது. அக்காலத்துக் கவலையெல்லாம் பொருள் உண்மையானதா என்பதே.

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் வணிகம் வேறொரு வழியில் திரும்பியது. 1852இல் அரிஸ்டீட் பூசிக்கோ என்பவர் 'போன் மார்ஷே' என்னும் கடையில் பங்குதாரரானார். பொருள்மீது விலையைக் குறித்து வைத்தார், பேரத்துக்கு இடமில்லை. வாங்கும் கட்டாயமின்றி எவரும் உள்ளே வரலாம். பிடிக்காத பொருளைத் திருப்பித் தரலாம். இவை நேர்மையான மாற்றங்கள் என்பதை நாம் மறுக்கலாகாது. ஆயினும் அக்கடையே ஆசையைத் தூண்டும் கலையையும் வளர்த்தது. புத்தாண்டுக்குப்பின் விற்பனை மந்தமாகும் சனவரி மாதத்தில், வெள்ளைத் துணிகளை மலிவாகக் குவித்துவைக்கும் வழக்கம் அங்குத் தொடங்கியதாகக் கூறுவர். தேவை எழாத காலத்தில் தேவையை எழுப்பிய உத்தி அது.

எமில் ஸோலா இத்தகைய கடைகளுக்கு நேரில் சென்று குறிப்பெடுத்து, 1883இல் ஒரு நாவலை வெளியிட்டார். அதில் வரும் கடை முதலாளி ஒரு பட்டுத் துணியை நட்டத்துக்கே விற்கிறார்; அதைத் தேடி வருவோர் வேறு பலவற்றையும் வாங்கிச் செல்வர் என்பது அவர் கணக்கு. அங்கே வெள்ளி நீரூற்று ஒன்றில் வயலட் மலரின் நறுமண நீர் வழிகிறது. பெண்கள் கைக்குட்டையை அதில் நனைத்துக்கொண்டு நடக்கின்றனர். மணமும் மலிவும் ஒரே கூரையின்கீழ் அன்றே கைகோத்துவிட்டன.

இங்குப் பட்டு அசல், விலையும் உண்மை. முஹ்தஸிப் வந்து சோதித்தாலும் குற்றம் காண முடியாது. மறைக்கப்படுவது பொருளின் குறையன்று, நமக்கு அது வேண்டுமா என்ற கேள்வியே. இன்று ரொட்டி சுடும் வாசனையும் பாதி விலைப் பலகையும் செய்வது அதே வேலைதான்.

வீண்விரயத்தைத் திருக்குர்ஆன் தடுத்திருக்கிறது. பெருநாள் ஆடை வாங்குவதும் பிள்ளைகளை மகிழ்விப்பதும் விரயமாகா. ஆனால் மிச்சப்படுத்தினோம் என்று எண்ணி மாதச் செலவுப் பணத்தை இழக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எனவே வீட்டிலேயே பட்டியல் எழுதிச் செல்வோம். பட்டியலில் இல்லாத ஒன்றை எடுக்கும்போது, முழு விலையாயிருந்தால் இதை வாங்கியிருப்போமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.