சிஎன்சி கார்விங்: எந்த மென்பொருளில் தொடங்குவது, எந்த வேகத்தில் வெட்டுவது?

டோம்பிவிலியில் ஒரு 1பிஎச்கே. வாசலில் மாட்ட 'வேலவன் இல்லம்' என்று மரத்தில் நாமே செதுக்கிவிடலாமே என்று ஆசை. ஆன்லைனில் ஒரு '3018' சிஎன்சி மெஷினும் வாங்கியாச்சு (300 × 180 மி.மீ. வேலைப்பரப்பு என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம்). பெட்டியைப் பிரித்ததும் இரண்டு கேள்விகள் வரும். எதில் டிசைன் போடுவது? எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது?

முதல் கேள்விக்குத்தான் எல்லோரும் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். பிட் உடைவதும் மரம் கருகுவதும் பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

எந்த மென்பொருள்?

இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன: வரைவது, பிட் போக வேண்டிய பாதையைக் கணக்கிட்டு ஜி-கோடாக மாற்றுவது, அதை மெஷினுக்கு அனுப்புவது. மூன்றையும் பிரவுசரிலேயே செய்வது 'ஈசல்'. புதியவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

பிரிட்டனின் வெக்ட்ரிக் நிறுவனத்தின் 'விகார்வ்' எழுத்து வேலைக்கு அருமையானது, ஆனால் விலை உண்டு. இலவச டிரையலில் எல்லாவற்றையும் பழகலாம்; நம் சொந்த டிசைனின் ஜி-கோடை மட்டும் சேமிக்க முடியாது. 'ஃப்யூஷன்' மென்பொருளின் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். பெயர்ப்பலகை செய்து விற்கப் போகிறீர்கள் என்றால் அது ஆகாது.

தமிழில் செதுக்குபவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பல கார்விங் மென்பொருட்களில் 'வே' என்று டைப் செய்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் சிதறிவிடும். வழி சுலபம்: இலவச 'இங்க்ஸ்கேப்'பில் டைப் செய்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றுங்கள். எஸ்விஜி ஃபைலாகச் சேமித்து ஈசலில் ஏற்றினால் எழுத்து அப்படியே வரும். 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகளையும் கவனியுங்கள். 3 மி.மீ. பிட் 3 மி.மீ.க்குக் குறைவான இடைவெளிக்குள் நுழையாது.

வேகம் ஒன்றல்ல, இரண்டு

பிட் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது ஒன்று (ஆர்பிஎம்). மரத்தின் மேல் அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது இன்னொன்று (ஃபீட்). பயத்தில் எல்லோரும் ஃபீடை மட்டும் குறைப்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

கணக்கு இதுதான்: ஃபீட் = ஆர்பிஎம் × பிட்டின் பற்கள் × ஒரு பல் எடுக்கும் சீவலின் தடிமன். எம்டிஎஃபில் 3 மி.மீ. பிட்டுக்குச் சீவலை 0.05 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். 10,000 ஆர்பிஎம், இரண்டு பல் என்றால் 10,000 × 2 × 0.05 = நிமிடத்துக்கு 1,000 மி.மீ.

இதையே 200 மி.மீ.க்குக் குறைத்தால் ஒரு பல்லுக்கு 0.01 மி.மீ.தான் கிடைக்கும். பிட் வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும். சூடு ஏறும், மரம் கருகும், பிட் மழுங்கும்.

"என் குட்டி மெஷின் 1,000-ஐத் தாங்காதே?" நியாயமான கேள்வி. ஒரு பல் பிட் போடுங்கள். அதே ஆர்பிஎம்மில் 500 மி.மீ. போதும். அதுவும் திணறினால் ஆர்பிஎம்மைக் குறைக்கலாம். ஆழத்தை ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. அளவில் வையுங்கள். மென்பொருள் தானாகக் காட்டும் எண்கள் வேறு, உறுதியான மெஷினை மனதில் வைத்துப் போடப்பட்டிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுக்காதீர்கள்.

சரியாக வெட்டுகிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். மரத்தில் சின்னச் சின்னச் சீவல் விழ வேண்டும். மாவு மாதிரி தூள் பறந்தால் ஃபீட் போதவில்லை. எம்டிஎஃபில் எப்போதும் தூள்தான், அங்கே கருகல் வாசனையையும் சத்தத்தையும் கவனியுங்கள். கிறீச்சென்று கத்தினாலும் ஏதோ சரியில்லை.

அந்தத் தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளையும், எம்டிஎஃப் பசைகளில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஹாலில் மெஷினை வைத்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்குவது நல்லதல்ல. வேக்கம் கிளீனர், மாஸ்க், கண்ணாடி மூன்றும் மெஷின் பட்ஜெட்டிலேயே சேர வேண்டும்.

முதல் ஓட்டத்தைப் பிட் மரத்தைத் தொடாமல், காற்றிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். அடுத்தது வீணான எம்டிஎஃப் துண்டில். தேக்குப் பலகையை அதற்கப்புறம் எடுக்கலாம், ஒரு கை பவர் சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கட்டும்.