மண் திரளுக்கு ஒரு சராசரி

வயல்மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். துகள்கள் தனித்தனியே இரா. சிறுசிறு திரள்களாக ஒட்டியிருக்கும். இத்திரள்கள் மழைநீரில் சிதைந்தால், மேல்மண் எளிதில் அடித்துச் செல்லப்படும். ஆகவே, நீரில் சிதையாத திரள்களை அளப்பது அவசியமாயிற்று.

1936-இல் அமெரிக்க அறிஞர் யோடர், அடுக்கிய சல்லடைகளை நீருக்குள் மேலும் கீழும் அசைத்துத் திரள்களை அளவுவாரியாகப் பிரித்தார். ஆனால், சல்லடைக்கு ஓர் எடை கிடைத்தால் இரு மண்களை ஒப்பிடுவது எப்படி?

1949-இல் வான் பேவல் வழி கண்டார். ஒவ்வொரு பிரிவின் சராசரி விட்டத்தையும் அதன் எடைப் பங்கால் பெருக்கிக் கூட்டினார். எடையில் 60 விழுக்காடு 3 மி.மீ. திரள்கள், 40 விழுக்காடு 0.5 மி.மீ. திரள்கள் எனில், சராசரி 2 மி.மீ. ஆகும். எண்ணிக்கைப்படி கணக்கிட்டாலோ, சிறு திரள்களே மிகப் பல என்பதால், ஏறத்தாழ அரை மி.மீ.தான் வரும்!

இவ்வெண் ஆண்டுக்காண்டு குறைந்தால், மண் வலுவிழக்கிறது என்று பொருள்.