நியூ ரிவர் தண்ணீரும் தவளையின் இதயமும்

எண்டோபிளாச வலையின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் 1945-இல், நியூயார்க்கில் தொடங்குகின்றன. ராக்பெல்லர் நிறுவனத்தின் கீத் போர்ட்டரும் ஆல்பர்ட் கிளாடும், அவர்களோடு எர்னஸ்ட் ஃபுல்லமும் கோழிக்கருவின் செல்லை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே மெல்லிய வலையொன்று விரிந்து கிடந்தது. இலண்டனில் உயிரியல் கற்பிக்கும் நான் இந்தப் பாடத்தை அதற்கும் அறுபது ஆண்டு முன்னாலிருந்து எடுப்பேன். அந்த வலை விடை சொன்ன பெரிய கேள்விகளில் ஒன்று இந்த ஊரின் குழாய்த் தண்ணீரில் பிறந்தது.

1613-இல் ஹியூ மிடில்டன் ஹார்ட்போர்ட்ஷயரின் ஊற்றுகளிலிருந்து இலண்டனின் கிளார்க்கன்வெல் வரை ஒரு வாய்க்கால் வெட்டி முடித்தார். பெயர் நியூ ரிவர். 38 மைல் நீளத்துக்கும் சேர்த்து வாட்டம் 20 அடிக்கும் குறைவு. இஸ்லிங்டன் கிரீனில் மிடில்டனின் சிலை இன்றும் நிற்கிறது. அந்த ஊற்றுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து சுரப்பவை. இங்கே எந்த வீட்டுக் கெட்டிலைத் திறந்தாலும் அடியில் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கும். வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரையும். கால்சியம் கார்பனேட்தான் அது.

1882-இல் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்தார். இதயம் நெடுநேரம் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக நியூ ரிவர் கம்பெனியின் குழாய்த் தண்ணீர் சேர்ந்திருந்தது. வடித்த நீரில் கரைத்தால் துடிப்பு தளர்ந்து நின்றது. கால்சியம் சேர்த்தால் மீண்டது. இதயம் சுருங்கக் கால்சியம் வேண்டும் என்று 1883-இல் அவர் எழுதினார்.

அதே கல்லூரியில் 1948-இல் ஏ.வி. ஹில் இன்னொரு முடிச்சைக் கண்டார். எலும்புத் தசை தூண்டப்பட்ட மாத்திரத்தில் சுருங்குகிறது. மேற்பரப்பிலிருந்து ஒரு பொருள் பரவி இழையின் நடுவை அடைவதற்கு அந்த நேரம் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படியென்றால் உத்தரவு உள்ளே எப்படிப் போகிறது?

விடையின் முக்கியமான பகுதி எண்டோபிளாச வலையில் இருந்தது. உட்கரு உறையோடு தொடர்ந்து, தகடுகளாகவும் குழல்களாகவும் செல் முழுவதும் ஓடும் ஒரே சவ்வு அது. ரைபோசோம்கள் ஒட்டிய பகுதியில் புரதம் உருவாகிறது. வழவழப்பான பகுதியில் கொழுப்பு. தசையில் இந்த வலை ஒவ்வொரு நுண்ணிழையையும் சுற்றிப் படர்ந்திருப்பதை 1957-இல் போர்ட்டரும் ஜார்ஜ் பலாடேயும் விவரித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் செட்சுரோ எபாஷி, வில்ஹெல்ம் ஹாசல்பாக் ஆகியோரின் ஆய்வுகள் அந்தச் சவ்வு ஏடிபி ஆற்றலைச் செலவிட்டுக் கால்சியத்தை உறிஞ்சிச் சேமிக்கிறது என்று காட்டின. மின்தூண்டல் வந்ததும் ஏரி மதகு திறந்தாற்போல் கால்சியம் பாய்கிறது, தசை சுருங்குகிறது. பம்புகள் அதைத் திரும்ப இழுத்ததும் தளர்கிறது. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய பொருள் இழைக்குள்ளேயே, பக்கத்திலேயே காத்திருக்கிறது.

ரிங்கரின் முடிவு அத்தனை தெளிவாக வந்ததற்கும் காரணம் உண்டு. தவளை இதயத்தில் இந்த வலை சொற்பம். வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியே அது துடிக்கிறது. நம் இதயத்தில் வெளியிலிருந்து நுழையும் சிறிதளவு கால்சியம், வலைக்குள் இருக்கும் பெரிய இருப்பைத் திறந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஏற்றும் ஆர்.எல். பாட்டில், ரிங்கரின் கரைசலில் லாக்டேட் சேர்த்தது. அதில் கால்சியம் இன்றும் இருக்கிறது. என் மாணவர்கள் தேர்வில் எண்டோபிளாச வலைக்குப் புரதம், கொழுப்பு என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். மூன்றாவதாகக் கால்சியத்தையும் எழுதச் சொல்கிறேன். கூடவே, 1882-இல் தான் வெளியிட்ட முடிவுக்குத் தண்ணீரே காரணம் என்று ரிங்கர் அச்சிலேயே திருத்தி எழுதியதையும் சொல்கிறேன். அந்தத் திருத்தத்திலிருந்துதான் கால்சியத்தின் கதையே தொடங்குகிறது.