ஆற்று நீரும் ஒரே பந்தியும்: ஞானஸ்நானம் எதை மாற்றுகிறது?

கிறிஸ்தவ இறையியல் ஞானஸ்நானத்தை வெறும் தூய்மைச் சடங்காகக் கொள்வதில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுல் அதை அடக்கத்தோடு ஒப்பிடுகிறார். நீருக்குள் இறங்குபவர் கிறிஸ்துவோடு இறக்கிறார். புதிய வாழ்வுக்கு எழுகிறார். கலாத்தியர் 3ஆம் அதிகாரம் வேறொரு படிமத்தைத் தருகிறது. ஞானஸ்நானம் பெற்றோர் கிறிஸ்துவை ஆடைபோல் அணிந்துகொள்கின்றனர். ஆகவே யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர் என்னும் வேற்றுமைகள் அவர்களிடையே செல்லா. முதற்படிமம் தனிமனிதரின் அகமாற்றத்தைச் சுட்டுகிறது. இரண்டாவது அவருக்கும் பிறருக்கும் உள்ள உறவைச் சுட்டுகிறது. இந்தியத் திருச்சபை வரலாற்றில் முதலாவது எளிதில் ஏற்கப்பட்டது. இரண்டாவதே இடறலாக நின்றது.

இதற்கு வங்காளத்தின் செராம்பூர் தெளிவான சான்று. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதியில் மிஷனரிகளை விரும்பாத காலத்தில், டேனிஷ் ஆட்சியில் இருந்த இவ்வூரில் வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் தங்கிப் பணியாற்றினர். கிருஷ்ண பால் என்னும் தச்சரின் தோள்மூட்டு நழுவியபோது, மிஷன் மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார். அத்தொடர்பே அவரைத் திருச்சபைக்குள் கொணர்ந்தது. 1800 டிசம்பர் 28 அன்று, கேரியின் மகன் ஃபெலிக்ஸுக்கு அடுத்ததாக, கிருஷ்ண பால் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். டேனிஷ் ஆளுநரும் ஐரோப்பியரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கரையில் கூடியிருந்தனர். அப்போது கேரி வங்காள மொழியில் ஒரு விளக்கம் அளித்ததாக, உடனிருந்த வில்லியம் வார்டு பதிவுசெய்துள்ளார். இந்த ஆற்றைத் தாங்கள் புனிதமாகக் கருதவில்லை, இது வெறும் நீர் என்பதே அவ்விளக்கத்தின் சாரம். கங்கையின் கிளையாகிய ஆற்றில் மூழ்கி எழுவதை வங்காள மக்கள் பாவம் போக்கும் நீராடலாகவே கண்டிருப்பர். கேரியின் விளக்கம் அப்பொருளை விலக்க முயன்றது.

ஆயினும் ஊரைக் கொந்தளிக்கச் செய்தது இந்த ஆற்றுச் சடங்கன்று. அதற்கு ஆறு நாட்களுக்கு முன், டிசம்பர் 22 அன்று, கிருஷ்ண பாலும் அவருடைய தோழர் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தியிருந்தனர். செய்தி பரவியதும் பெருங்கூட்டம் திரண்டது; கிருஷ்ண பால் டேனிஷ் நீதிபதியின் முன் இழுத்துச் செல்லப்பட்டார். நீதிபதி அவரை விடுவித்தார். சாதி முறிந்தது பந்தியில் என்பதில் கூட்டத்துக்கு ஐயமில்லை. கலாத்தியர் நிருபத்தின் பொருளை ஒருவகையில் அக்கூட்டமே சரியாகப் புரிந்துகொண்டது எனலாம். 1803இல் கிருஷ்ண பாலின் மகளை, கிருஷ்ண பிரசாத் என்னும் பிராமண விசுவாசி மணந்தார். பந்தியில் தொடங்கியது மணவறை வரை சென்றது.

மற்றொரு டேனிஷ் குடியேற்றமாகிய தரங்கம்பாடியில் நிலைமை வேறு. அங்கே 1707இல் சீகன்பால்கின் காலத்தில் முதல் ஞானஸ்நானம் நிகழ்ந்தது. ஆனால் லுத்தரன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை தொடர்ந்தது. ஒரே நீரைப் பெற்றவர்கள் ஒரே பாயில் அமரவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகினர். ஞானஸ்நானத்தை மறுத்து அவர்கள் விலகவில்லை. அதன் ஒரு விளைவை ஏற்க மறுத்தே விலகினர்.

அதே 1830களில் திருச்சபைகளுக்கிடையே வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்க வினையை, 'அமிழ்த்துதல்' என்னும் பொருள்பட வங்காளத்தில் பெயர்த்தனர் பாப்டிஸ்டு மொழிபெயர்ப்பாளர்கள். நீரைத் தெளித்தோ ஊற்றியோ ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளை இது புண்படுத்தும் என்று கருதி, பிரிட்டிஷ், அமெரிக்க வேதாகமச் சங்கங்கள் உதவ மறுத்தன. அமெரிக்காவிலும் லண்டனிலும் பாப்டிஸ்டுகள் தனிச் சங்கங்களையே நிறுவினர். லண்டன் சங்கம் 1840இல் தோன்றியது. தொடக்ககாலத் திருச்சபை நூலான 'திதாக்கே', ஓடும் நீர் சிறந்தது, கிடைக்காவிடில் தலையில் மும்முறை ஊற்றினும் போதும் என்று இடமளிக்கிறது. ஆனால் அதன் கிரேக்க மூலம் 1883இல்தான் அச்சேறியது. தமிழிலோ இவ்வழக்கு விந்தையாக முடிந்துள்ளது. நீர் ஊற்றும் கத்தோலிக்கர் 'திருமுழுக்கு' என்கின்றனர். முழுக மூழ்கும் பெந்தெகொஸ்தேயினர் 'ஞானஸ்நானம்' என்கின்றனர்.

நீரின் அளவு குறித்து இத்தனை சங்கங்கள் பிரிந்தன. அந்நீர் கலைக்க வேண்டிய வேற்றுமை குறித்தோ நீண்ட மௌனமே நிலவியது. அந்த மௌனத்தின் விலையை இன்று சட்டம் கேட்கிறது. பட்டியல் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, முதலில் இந்துக்களுக்கும், 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் மட்டுமே இடமளித்தது. கிறிஸ்தவரானவருக்குச் சாதி இல்லை என்னும் எடுகோளின்மீது அது நிற்கிறது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை தொடுத்த வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றம் ஒரு சான்றை எதிர்பார்த்தது. மதம் மாறிய பின்னும் சாதி நீடிக்கிறது என்பது மட்டும் போதாது. பழைய இழிவு அதே கடுமையோடு புதிய சமயச் சூழலிலும் தொடர்வதைக் காட்ட வேண்டும் என்றது.

ஞானஸ்நானம் தன் பணியை முடித்துவிட்டதாக ஆணை கொள்கிறது. அப்பணி முடியாமல் கிடப்பதைத் தனித்தனிக் கல்லறைகளும் தனித்தனித் தெருக்களும் காட்டுகின்றன. திருச்சபை தன் இறையியலின் இரண்டாம் பாதியை நிறைவேற்றவில்லை என்பதற்கான சான்றைத் தேடிக்கொடுக்கும் சுமை, அதனால் பாதிக்கப்பட்டவரின் தோளிலேயே விழுந்துள்ளது.