அகதிக் குடும்பத்தில் பிறந்த இரசாயனவியலாளர்: தில்லையடியின் பிள்ளைகள் அறிய வேண்டிய விஞ்ஞானிகள்

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசுமு கிட்டகாவா, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ரொப்சன், அமெரிக்காவின் பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓமர் யாகி ஆகிய மூவரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவர்களுள் ஓமர் யாகியின் பெயர் புத்தளம் மாவட்டத்து மக்களுக்கு, விசேடமாக 1990 ஆம் ஆண்டின் பின்னர் இங்கு வந்து குடியேறிய வடபுலத்து முஸ்லிம்களுக்கு, நெருக்கமாக இருக்கவேண்டிய ஒரு பெயராகும். அவர் பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றின் பிள்ளை.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி எனக் களப்போரமும் கடலோரமும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. உள்ளூர் மக்கள் தமது காணியையும் கிணற்றையும் பாடசாலையையும் பகிர்ந்துகொண்டனர். அன்று தாயின் இடுப்பிலிருந்த குழந்தைகள் இன்று பெற்றோர்களாகிவிட்டனர். அவர்களது பிள்ளைகள் பாடசாலை செல்கின்றனர். இப்பிள்ளைகளின் கல்வி எங்கே போய்ச் சேரும் என்ற வினாவோடுதான் உலகின் பெரும் அறிவியற் பரிசுகளைப் பெற்றவர்களின் வரலாற்றை நாம் வாசிக்க வேண்டியுள்ளது.

பூட்டிய நூலகமும் ஒரு புத்தகமும்

ஓமர் யாகி 1965 ஆம் ஆண்டு ஜோர்தானின் தலைநகரான அம்மானில் பிறந்தார். பல பிள்ளைகளைக் கொண்ட அக்குடும்பம் ஒரேயோர் அறையிலேயே வாழ்ந்தது. வளர்ப்பு விலங்குகளும் அவ்வறையையே பகிர்ந்துகொண்டன. வீட்டில் மின்சாரமும் இல்லை, குழாய் நீரும் இல்லை. நகரசபையின் நீர் எப்போதாவது சில மணித்தியாலங்கள் வரும்போது, கிடைத்த பாத்திரங்கள் அனைத்திலும் பிடித்து வைப்பது சிறுவர்களின் கடமையாக இருந்தது. தந்தை ஆறாம் வகுப்பு வரையே கற்றவர். தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது.

பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் அச்சிறுவன், வழமையாகப் பூட்டப்பட்டிருக்கும் பாடசாலை நூலகத்தினுள் மெதுவாக நுழைந்துவிட்டான். அலுமாரியிலிருந்து ஏதோவொரு புத்தகத்தை எடுத்து விரித்தபோது விளங்காத, ஆனால் கண்ணைக் கவரும் படங்கள் சில தென்பட்டன. அவை மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டும் படங்கள் என்பது பின்னரே அவனுக்குத் தெரியவந்தது. அவரது இரசாயனவியல் ஈடுபாடு அங்கிருந்தே ஆரம்பமாகியது.

பதினைந்தாவது வயதில் தந்தையின் வற்புறுத்தலின் பேரில் யாகி அமெரிக்கா சென்றார். அவர் முதலில் சேர்ந்தது புகழ்பெற்ற பல்கலைக்கழகமொன்றில் அல்ல. நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரிலுள்ள, உள்ளூர் மாணவர்களுக்கான ஈராண்டுக் கல்லூரியொன்றிலேயே அவர் கல்வியைத் தொடங்கினார். கடைகளில் பொருட்களைப் பைகளில் இட்டுக் கொடுத்தும் தரை துடைத்தும் செலவுக்குத் தேடிக்கொண்டார். பின்னர் அல்பனி நகரில் பட்டம் பெற்று, 1990 ஆம் ஆண்டு இலினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். வடபுலத்து முஸ்லிம்கள் அகதிகளான அதே ஆண்டில் ஓர் அகதிக் குடும்பத்தின் பிள்ளை கலாநிதியானார் என்பது தற்செயலான பொருத்தமே. எனினும் அது நினைவில் வைத்திருக்கத்தக்கது.

காற்றிலிருந்து நீர்

யாகியும் ஏனைய இருவரும் உருவாக்கியவை 'உலோக சேதனச் சட்டகங்கள்' எனப்படும் பதார்த்தங்களாகும். வீடு கட்டும்போது மூலைகளில் தூண்களை நிறுத்தி அவற்றைக் குறுக்கு மரங்களால் இணைக்கிறோம். அவ்வாறே உலோக அயன்களை மூலைகளாகவும் காபனைக் கொண்ட சேதன மூலக்கூறுகளை இணைப்புகளாகவும் வைத்துக் கட்டப்படும் நுண்ணிய கட்டடமே இச்சட்டகம். அதனுள் எண்ணற்ற வெற்றறைகள் இருக்கும். வாயு மூலக்கூறுகள் அவ்வறைகளுள் நுழையவும் தங்கவும் வெளியேறவும் முடியும்.

ரொப்சன் 1989 ஆம் ஆண்டு இதற்கு அடித்தளமிட்டார். எனினும் அவரது கட்டமைப்பு எளிதில் உடைந்துபோகும் தன்மையுடையதாக இருந்தது. வாயுக்கள் இவற்றினுள் சென்று மீள முடியும் என்பதைக் கிட்டகாவா நிரூபித்தார். உறுதியான சட்டகங்களைத் திட்டமிட்டு அமைக்கும் வழியை யாகி காட்டினார். 1999 இல் அவர் வெளியிட்ட சட்டகமொன்றின் சில கிராம்களினுள் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் அளவான மேற்பரப்பு அடங்கியிருந்தது. காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்தல், ஐதரசனைச் சேமித்தல், நீரிலுள்ள நச்சுப் பொருட்களைப் பிரித்தெடுத்தல் எனப் பல தேவைகளுக்கு இப்பதார்த்தங்கள் ஆராயப்படுகின்றன.

அவற்றுள் ஒன்று நம்மை வியக்க வைக்கிறது. பாலைவனத்தில்கூட இரவுக் காற்றில் சிறிதளவு ஈரப்பதன் உண்டு. யாகியின் குழுவினர் அரிசோனாப் பாலைவனத்தில், இரவில் அந்த ஈரத்தைச் சட்டகத்தின் அறைகளில் சேரவிட்டனர். பகலில் சூரிய வெப்பம் பட்டதும் அது நீராவியாக வெளியேறியது. அதனைக் குளிர்வித்து நீராகப் பெற்றனர். தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருந்த சிறுவன், வளர்ந்து காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் வழியைக் கண்டான். கிணற்று நீர் சவராக இருப்பதன் துன்பத்தை அறிந்த புத்தளத்துக் கரையோர மக்களுக்கு இதன் பெறுமதியை விளக்கிக் கூறவேண்டியதில்லை. இத்தொழில்நுட்பம் நாளையே நமது ஊருக்கு வந்துவிடும் என்று இதனால் கொள்ளலாகாது. ஆனால் தான் பட்ட கஷ்டமே ஒருவனது ஆராய்ச்சிக்கு வினாவாக அமையக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் அரிது.

யாகி 2015 இல் மன்னர் பைசல் சர்வதேசப் பரிசையும் 2018 இல் வுல்ஃப் பரிசையும் பெற்றிருந்தார். 2021 இல் சவூதி அரேபியா அவருக்குக் குடியுரிமை வழங்கியது. நோபல் பரிசுச் செய்தி அவரை வந்தடைந்தபோது அவர் பயண வழியில் விமானம் மாறிக்கொண்டிருந்தார்.

சவூரிலிருந்தும் தெசூக்கிலிருந்தும்

யாகி தனியானதொரு விதிவிலக்கு அல்ல. 2015 ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அஸீஸ் சன்ஜார், துருக்கியின் தென்கிழக்கிலுள்ள சவூர் என்னும் சிற்றூரில் 1946 இல் பிறந்தவர். பெற்றோர் எழுத்தறிவற்றவர்கள். எட்டுப் பிள்ளைகளுள் அவர் ஏழாமவர். இஸ்தான்புலில் மருத்துவம் கற்றுக் கிராமத்தில் வைத்தியராகப் பணியாற்றிய பின்னர் அமெரிக்கா சென்று 1977 இல் கலாநிதியானார். அதன் பின்பு மூன்று ஆய்வுகூடங்களுக்கு விண்ணப்பித்தார். மூன்றும் அவரை நிராகரித்தன. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தே தமது ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சூரியனின் புறஊதாக் கதிர்களால் சேதமுறும் டீ.என்.ஏ. மூலக்கூறைக் கலம் எவ்வாறு திருத்திக்கொள்கிறது என்பதை அவர் வெளிப்படுத்தினார். நோபல் பதக்கத்தை அவர் தாய்நாட்டுக்கே அன்பளிப்புச் செய்தார்.

1999 இல் இரசாயனவியல் நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்ற அஹ்மத் ஸெவைல் எகிப்தின் தமன்ஹூரில் பிறந்து தெசூக்கில் வளர்ந்தவர். அறிவியல் துறையில் நோபல் பரிசு பெற்ற முதலாவது அரபியர் இவரே. இரசாயனத் தாக்கம் நிகழும்போது அணுக்கள் அசைவதை, ஒரு செக்கனின் கோடி கோடியில் ஒரு பங்கையும்விடச் சிறிய பெம்டோ செக்கன் அளவில், லேசர் ஒளியால் படம்பிடித்தவர். 2016 இல் அவர் காலமானார்.

பௌதிகவியலில் 1979 இல் பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் ஸலாம் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வறிய நாடுகளின் இளம் விஞ்ஞானிகள் தனிமைப்பட்டுப் போகாதிருப்பதற்காக 1964 இல் இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் அவர் ஆரம்பித்த ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. கணிதத்தில் மிகவுயர்ந்த கௌரவமான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதலாவது பெண், 2014 இல் அதனை வென்ற ஈரானின் மர்யம் மிர்ஸாகானி ஆவார். அவர் 2017 இல் நாற்பது வயதிலேயே இறந்தார். 2018 இல் அதே பதக்கத்தைப் பெற்ற கௌச்சர் பிர்கார், ஈரானிலிருந்து பிரித்தானியாவில் அகதியாகத் தஞ்சமடைந்த குர்திய இளைஞர்.

தில்லையில் பிறந்தவர்

தமிழரிடையேயும் இத்தகைய வரலாறு உண்டு. தில்லை என்னும் பழம்பெயர் கொண்ட சிதம்பரத்தில் 1952 இல் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இந்தியாவின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் அவரால் நுழைவுத் தேர்வில் தேற முடியவில்லை. பரோடாவில் பௌதிகவியல் கற்று, அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் கலாநிதியான பின்னர், உயிரியலை மீண்டும் ஆரம்பத்திலிருந்து மாணவராகக் கற்றார். விரிவுரையாளர் பதவிக்கு ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் கைகூடவில்லை. ஆயினும் கலத்தில் புரதத்தை உருவாக்கும் இறைபோசோமின் அமைப்பை விளக்கி 2009 இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2015 முதல் 2020 வரை லண்டன் றோயல் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

இவர்கள் அனைவரும் தமது பெரும் ஆய்வுகளை மேற்கு நாடுகளிலேயே செய்தனர் என்று சிலர் குறை கூறலாம். அதில் உண்மை உண்டு. இதற்கு மாறாக, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் கல்கத்தாவில் எளிய கருவிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுக்கே 1930 இல் நோபல் பரிசு பெற்றார் என்பதையும் மறக்கலாகாது. எங்கு சென்று முடித்தனர் என்பதைவிட எங்கிருந்து புறப்பட்டனர், யார் கதவைத் திறந்துவிட்டனர் என்பதே நமக்கு முக்கியமானது.

நமது கடமை

முஸ்லிம்களின் அறிவியற் பங்களிப்புப் பற்றிப் பேசும் மேடைகளில் ஜாபிர் இப்னு ஹையானும் இப்னு ஸீனாவும் இப்னுல் ஹைதமும் தவறாது நினைவுகூரப்படுகின்றனர். அது வேண்டியதே. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெருமையோடு பேச்சு நின்றுவிடும்போது, அறிவியல் என்பது முன்னோர் செய்து முடித்த காரியம் என்ற எண்ணமே மாணவர் மனதில் பதிகிறது. யாகியும் சன்ஜாரும் நமது காலத்தவர்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாய்மாரின் பிள்ளைகள். வாசிப்பைக் கட்டளையிட்டு இறங்கத் தொடங்கிய வேதத்தைப் பின்பற்றும் சமூகத்துக்கு அவர்களது கதை பள்ளிவாசல் மிம்பரிலும் சொல்லப்பட வேண்டியதாகும்.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. அம்மாவட்டங்களுக்கென ஒதுக்கீடும் உள்ளது. ஆனால் அந்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்துவதற்கு முதலில் க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க வேண்டும். நாட்டின் சுமார் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்றிலேயே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளது. ஏனைய பாடசாலைகளில் கற்கும் திறமைசாலி மாணவன் தூரத்து நகருக்குச் செல்ல வேண்டும். அல்லது கலைப்பிரிவைத் தெரிவு செய்ய வேண்டும். பஸ் கட்டணமும் தனியார் வகுப்புக் கட்டணமும் கட்ட முடியாத வீட்டில், அந்தத் தெரிவைச் செய்வது மாணவனல்ல, வறுமைதான். பெண் பிள்ளையாயின் தூரமே தடையாகிவிடுகிறது.

இதனை மாற்றுவதற்குக் கோடிக்கணக்கான பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நூலக அறையும் ஆய்வுகூட அறையும் உள்ள பாடசாலைகளில் முதலில் அவற்றின் பூட்டைத் திறக்கலாம். சோதனைக் குழாய்கள் உடைந்துவிடும் என்று அலுமாரியில் வைத்துப் பாதுகாப்பதால் மாணவனுக்குப் பயனில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விஞ்ஞானம் கற்கும் வறிய மாணவர்களின் போக்குவரத்துச் செலவைப் பொறுப்பேற்கலாம். ஸகாத் நிதியில் தகுதியுடைய மாணவருக்கும் பங்கு உண்டு என்பதை உலமாக்கள் எடுத்துக்கூறலாம். பல்கலைக்கழகம் சென்ற இளைஞர்கள் விடுமுறையில் ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குக் கணிதமும் இரசாயனவியலும் சொல்லிக் கொடுக்கலாம். விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களைக் காலந்தாழ்த்தாது நிரப்புவது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் பொறுப்பாகும்.

ஓமர் யாகி அன்று நூலகத்தினுள் நுழைந்தது அனுமதி பெற்றல்ல. கதவு தற்செயலாகத் திறந்திருந்தது. ஒரு சமூகத்தின் எதிர்காலம் அத்தகைய தற்செயலை நம்பியிருக்கலாகாது. தில்லையடியிலும் அதன் அயலூர்களிலும் பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களுள் யார் எந்தப் படத்தைக் கண்டு வியந்து நிற்பார் என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. நம்மால் செய்யக்கூடியது, அவர்கள் வரும்போது கதவு திறந்திருக்கச் செய்வதே.