கோளும் கோளமும்

ஒரு சொல் பல நூற்றாண்டுகள் வழங்கி வருமிடத்து, வடிவு மாறாதிருப்பினும் பொருள் மாறுதல் இயல்பு. அம்மாற்றத்தை நோக்காது, இன்று நாமறிந்த பொருளையே பழைய செய்யுளில் ஏற்றிப் படிப்போமாயின், புலவன் கருதியது ஒன்றாக நாம் கொள்வது பிறிதொன்றாகும். இதற்குத் தக்க சான்றாவன கோள், கோளம் என்னும் இரு சொற்கள். ஒலியால் நெருங்கிய இவை ஒரு வேரின என்றும், உருண்டையாயிருத்தலாலேயே கோளுக்கு அப்பெயர் வந்தது என்றும் மாணவர் பலர் எண்ணுவர். சொல்லின் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை.

கோள் என்பது கொள் என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கொள்ளுதல், பற்றுதல் என்பன அதன் முதற்பொருள்கள். திருக்குறளின் ஒன்பதாங் குறளில் இது, பொறிகள் தத்தமக்குரிய புலன்களைக் கொள்ளுதலைக் குறிக்கின்றது. இரையைப் பற்றிக் கொல்லும் புலி முதலிய விலங்கு கோண்மா எனப்பட்டது. அறிவாற் பற்றி நிற்கப்படுவது கோட்பாடு. இவற்றுள் எதனிலும் உருண்டை என்னும் கருத்து இல்லை.

வானத்து ஒளிகளைப் பண்டையோர் நாண்மீன், கோண்மீன் என இரண்டாக வகுத்தனர். அசுவினி முதலியன நாண்மீன்கள். செவ்வாய், வெள்ளி முதலியன கோண்மீன்கள். வடமொழிக் கிரகம் என்னும் சொல்லும் பற்றுதற் பொருளுடைய அடியிற் பிறந்ததே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மேலும், ஒன்பது கோள்கள் என எண்ணுங்கால் இராகு கேதுக்களும் உடன் எண்ணப்பட்டன. அவை கண்ணுக்குப் புலனாகும் உருவம் உடையனவல்ல. ஞாயிற்றின் வழியும் திங்களின் வழியும் வெட்டிக்கொள்ளும் இடங்களே அவை. உருண்டையென்பது இலக்கணமாயின் இவ்விரண்டும் கோளாதல் யாங்ஙனம்? ஏழாம் நூற்றாண்டில், மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டில் அருளிய கோளறு பதிகமும் பாம்பிரண்டையும் சேர்த்தே பாடுகின்றது. அங்குக் கோள் என்பது வாழ்வைப் பற்றி வருத்தும் ஆற்றலேயன்றி வடிவமன்று.

கோளமோ வடசொல். உருண்டை என்பதே அதன் பொருள். கி.பி. 499ஆம் ஆண்டளவில் ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தின் நான்காம் பகுதிக்குக் கோளபாதம் என்று பெயர். புவி உருண்டை என்பதும், கிரகணங்கள் நிழலால் நிகழ்வன என்பதும் அதன்கண் கூறப்பட்டன. அவ்வழி வந்த பூகோளம் என்னும் சொல்லே நம் பள்ளிகளில் நெடுங்காலம் ஒரு பாடத்தின் பெயராய் வழங்கிற்று. தமிழ்ச் செய்யுளில் உருண்டையைக் கருத வேண்டியவிடத்து மணிவாசகர் எடுத்தாண்ட சொல் கோள் அன்று, உண்டை. திருவண்டப்பகுதியில் அவர் எண்ணிறந்த அண்டங்களை இல்லுள் நுழையும் கதிரிற் காணும் நுண்டுகளுக்கு ஒப்பிட்டார்.

இவ்வேறுபாட்டை மறந்தமையால் நேரும் பிழையொன்றைக் காட்டுதும். கோண்மீன்கள் சூழ்ந்த இளஞாயிற்றை இகழும் தோற்றமுடையது நல்லியக்கோடன் விருந்தளிக்கும் பொற்கலம் என்று சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. இதனைக் கொண்டு, கோள்கள் ஞாயிற்றைச் சுற்றிவருதலைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர் என்பாருளர். சூழ்தல் வேறு, சுற்றிவருதல் வேறு. கலத்தின் பொலிவை விளக்க எழுந்த உவமையை வானியற் கொள்கையாக்குதல் புலவர்க்குப் பெருமை சேர்ப்பதன்று. அவர் சொல்லாததைச் சொன்னார் என்பது, அவர் சொன்னதைக் கேளாமைக்கு ஒப்பாகும்.

இவ்விரு சொற்களும் இயைந்தது நம் காலத்திலேயே. 2006ஆம் ஆண்டு சர்வதேச வானியல் ஒன்றியம், கோள் எனப்படுவது ஞாயிற்றைச் சுற்றிவரல் வேண்டும், தன் ஈர்ப்பினால் ஏறக்குறைய உருண்டை வடிவம் பெற்றிருத்தல் வேண்டும், தன் பாதையின் அயலைத் தூய்மையாக்கியிருத்தல் வேண்டும் என மூன்று இலக்கணம் வகுத்தது. புளூட்டோ மூன்றாவது இலக்கணத்திற் குறைந்து விலக்கப்பட்டது. அன்றே கோளமாதல் கோளுக்கு இலக்கணமாயிற்று. பற்றுவது என்று பிறந்த சொல், உருண்டையானது என்னும் வரையறையையும் இன்று ஏற்று நிற்கின்றது. அப்புதுப்பொருளை அறிவியலிற் கொள்க. பழம்பாட்டைப் பயிலுங்கால் பழம்பொருளையே கொள்க. அதுவே மொழிக்கும் முன்னோர்க்கும் நாம் செய்யத்தக்க நேர்மையாகும்.